வராத புயலில் செத்தவர்கள்

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அலவன்குப்பத்தில் கரையேற வேண்டிய புயல், பதினொன்றரை மணிக்கு, கரைக்குப் பதினொரு மைல் இருக்கும்போது, வீட்டில் எதையோ வைத்துவிட்டு வந்தவளைப் போலச் சற்று நின்று, திரும்பி, வடகிழக்கே நடுக்கடலுக்குப் போய் அங்கேயே அடங்கிப்போனது. முதல் நாள் வரை அது வடக்கே நாற்பது மைல் தள்ளிப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் ஊரைவிட்டு யாரும் கிளம்பியிருக்கவில்லை. அன்று காலையில் அது நேரே இங்கேதான் வருகிறது என்று சேதி வந்தபோது கிளம்ப நேரமில்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்தது ஒரு தூறல். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு கிளை ஒடிந்தது. சாயங்காலம் வெயில்கூட அடித்தது. ஜனங்கள் வெளியே வந்து கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மாசிலாமணி தன் டீக்கடையைத் திறந்து பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாசிலாமணி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான்.

"தலைவரே, நேத்து மூணு மணிக்கு உங்களைப் பள்ளிக்கூடத்துச் சுவத்துக்கு அடியிலேர்ந்து நாங்க நாலு பேருதானே எடுத்தோம்?"

"ஆமா. சுவரு சாயுற வரைக்கும் எனக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்றார் தலைவர். "டீ போடு. சக்கரை கம்மியா."

அப்படித்தான் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்த ஒரு பகல் இரண்டு பகலாக ஞாபகம் இருந்தது. ஒன்றில் தூறலும் வேப்பங்கிளையும் மீன் குழம்பும். இன்னொன்றில் பன்னிரண்டு மணிக்குக் கடல் எழுந்து தெருவுக்குள் வந்து, கூரைத் தகடுகள் காகிதம் போலப் பறந்து, தென்னைகள் வரிசையாகப் படுத்து, மூன்று மணிக்குக் காற்று நின்று, பிழைத்தவர்கள் இருட்டும்வரை சேற்றில் இறங்கி மற்றவர்களைத் தேடியது. கனவாயிருந்தால் ஆளுக்கொன்றாக இருக்கும். இது அப்படியில்லை, ஒருத்தி தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த ஓடத்தை இன்னொருத்தன் கோயில் வாசலிலிருந்து பார்த்திருந்தான், அதே ஓடம், அதே நேரம், அதில் அதே பச்சைச் சாயம். அன்றைக்குக் காலை யாரும் கடலுக்குப் போகவில்லை. டீக்கடையிலும் குழாயடியிலும் ஏலக்கூடத்திலும் ஆளாளுக்குத் தங்கள் பங்கைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்துப் பார்த்ததில், மதியத்துக்குள் வராத புயல் முழுதாக ஊருக்குள் வந்துவிட்டது. அதில் செத்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களும் சுற்றி உட்கார்ந்து தங்கள் பங்கைச் சொன்னார்கள், எதுவரைக்கும் தெரியுமோ அதுவரைக்கும்.

கிராம நிர்வாக அலுவலர் சேதம் எழுத மோட்டார் சைக்கிளில் வந்தார். உயிர்ச் சேதம் முப்பத்தொன்று என்று தலைவர் சொன்னார். யார் யார் என்று அவர் கேட்க, தலைவர் முதலில் தன் பெயரைச் சொன்னார். அலுவலர் பேனாவை மூடிவிட்டு, "செத்தவங்களே வந்து கையெழுத்துப் போட்டா நான் எப்படிங்க மேல அனுப்புறது?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததெல்லாம் இதை வைத்துத்தான் நடந்தது. ஏழு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவரில், தம்பியைத் தென்னையில் கட்டிவிட்டுத் தான் தண்ணீரோடு போனவன் அண்ணன் என்று தெரிந்ததால், தம்பி போய் அண்ணன் வீட்டு வாசலில் நின்று அழுதான். கதவைத் தட்டியும் திறக்காத ஓரகத்தியை இன்னொருத்தி குழாயடியில் நேருக்கு நேராக, "உன் வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்டுச்சுடி, நீ இன்னும் இறுக்கிப் போட்ட" என்றாள். ஓரகத்தி குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். செத்தவர்களுக்குத்தான் கேள்விகள் அதிகம். அவர்களுக்குப் பாதிக்கு மேல் தெரியாது. அவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள்: என்னை எங்கே கண்டெடுத்தீங்க, யார் முதலில் பார்த்தது, என் மேல் துணி இருந்ததா, எங்க அம்மா என்ன சொன்னா. பிழைத்து இருந்தவர்கள் பெரும்பாலும் மறைக்காமல் சொன்னார்கள். சிலர் மறைத்தார்கள்.

கலியமூர்த்தி மறைத்தவன்.

அவனுக்கு நாற்பது வயது, பங்குக்குப் படகோட்டுகிறவன், அதிகம் பேசாதவன். மனைவி தில்லைநாயகி. மகள் பூங்கோதைக்கு ஆறு வயது. வந்த புயலில், அதாவது வராத புயலில், தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது அவர்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள். ஊரில் உயரமாக நின்றது அது ஒன்றுதான், ஏறுவதற்கு இரும்பு ஏணி இருந்தது. பூங்கோதை அப்பாவின் தோளில் இருந்தாள். தில்லையின் கை அவன் இடக்கையில் இருந்தது. அந்த மூன்று பேரில் தொட்டியின் மேலிருந்து இறங்கி வந்தவர்கள் அப்பனும் மகளும் மட்டும்.

"கை வழுக்கிடுச்சு" என்று கலியமூர்த்தி டீக்கடையில் சொன்னான். "சேறும் தண்ணியும். பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். வழுக்கிடுச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தண்ணீரை எல்லோருக்கும் தெரியும். தூணுக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்றிருந்த தில்லையும், "ஆமா, வழுக்கிடுச்சு" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணிதான் அவளைக் கண்டெடுத்தவன். அவனே ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னான். வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதரில், தலைமுடி சிக்கிக் கிடந்தாள் என்றான். முடியை அறுக்க மனசு வராமல் ஒவ்வொரு இழையாக முள்ளிலிருந்து எடுத்ததாகவும், தன் துண்டை மேலே போர்த்தியதாகவும் சொன்னான். தில்லை அவனுக்கு மோர் கொடுத்தாள்.

"நல்லா இருப்பீங்கண்ணே. இவரு அப்ப எங்க இருந்தாரு?"

மாசிலாமணி மோரைக் குடித்து முடித்துவிட்டு, "தொட்டி மேலதான் இருந்தான்" என்றான். "காத்து நின்னதும் எல்லாரும் எறங்கிட்டாங்க. இவன் மட்டும் புள்ளய மடியில வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருந்தான். நான் கீழேர்ந்து கத்திக் கூப்புட்டேன். வரல. நாங்க உன்னைக் கொண்டாந்து கோயில்ல வச்சப்புறமும் வரல. பொழுது சாயத்தான் வந்தான்." பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவனைப் போல, "பயந்துட்டான்மா, பாவம்" என்றான்.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி வலையோடு வந்தபோது தில்லை கேட்கவில்லை. சோறு போட்டாள். ஏலத்தில் என்ன விலை போனது என்று கேட்டாள். பூங்கோதை மட்டும் அந்த நாட்களில் ஒரு வழக்கம் பழகியிருந்தாள்: எங்கே உட்கார்ந்திருந்தாலும் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். காது வலியா என்று கேட்டால் இல்லை என்பாள். சுகாதார நிலையத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

பதினைந்து நாளாக இப்படிப் பேசிப் பேசி ஊர் களைத்துவிட்டது. பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை, பாதிப் படகுகள் மணலில் கிடந்தன. தெய்வசிகாமணி கூட்டம் போட்டார்.

"செத்தவங்களுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம இருந்தா ஊரு இப்படித்தான் கெடக்கும். நாளைக்குப் பதினாறாம் நாளு. முப்பத்தொரு பேருக்கும் சேர்த்துக் கருமாதி பண்ணிடுவோம். அதோட அந்தப் பேச்ச விட்டுடணும். நானே செத்தவன், நானே சொல்றேன். தன் கருமாதிய முன்ன நின்னு நடத்துற குடுப்பினை எவனுக்கு இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் மனைவி சிரிக்கவில்லை. பதினைந்து நாளாக அவள் பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு, பாய் விரித்து, முப்பத்தொரு இலை போட்டார்கள். செத்தவர்கள் குளித்துவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கைக்குழந்தை ஒன்று இருந்தது. அதை அதன் அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார அனுமதித்தார்கள், அவள் பிழைத்து இருந்தவள் என்றாலும். சடங்கு செய்ய வந்தவர், உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு என்ன மந்திரம் சொல்வது என்று தெரியாமல் விழித்தார். "பேரச் சொல்லும், போதும்" என்றார் தலைவர். சடங்கு செய்பவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்தில் போல "இருக்கேன்" என்று சொன்னார்கள். பிறகு இருந்தவர்கள் செம்பை எடுத்துக்கொண்டு வந்து தங்கள் செத்தவர்களின் கையில் தண்ணீர் ஊற்றி, சோறும் சாம்பாரும் வடையும் பாயசமும் வைத்தார்கள். தம்பி அண்ணனுக்கு ஊட்டியே விட்டான். இலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுதார்கள். அப்படி ஒரு அழுகையும் அப்படி ஒரு பசியும் அந்த ஊரில் ஒரே நேரத்தில் அதற்கு முன் இருந்ததில்லை.

தில்லை பத்தொன்பதாவது இலையில் உட்கார்ந்திருந்தாள். கலியமூர்த்தி செம்போடு வந்து அவள் முன்னால் குந்தினான். அவள் வலக்கையை நீட்டினாள். அவன் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்தபடியே அவன் இருந்தான். செம்பு சாய்ந்து, தண்ணீர் இலையிலும் பாயிலும் அவள் முந்தானையிலும் கொட்டியது, கையில் மட்டும் விழவில்லை. பக்கத்து இலைக்காரி, "ஊத்துங்கண்ணே, கை காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். தில்லை தானே செம்பை வாங்கி, தன் கையில் தானே ஊற்றிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதையைப் பக்கத்து வீட்டில் விளையாட அனுப்பிவிட்டு, கதவருகில் தரையில் உட்கார்ந்தாள். மணி மூன்றிருக்கும். வெளியே பந்தலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க. இன்னியோட பேச்ச விட்டுடணும்னுட்டாங்க. அதனால இப்பவே கேட்டுக்கிறேன். ஏணி எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "பத்தடி இருக்கும்."

"தண்ணி?"

"நெஞ்சு வரைக்கும்."

"எனக்குக் கழுத்து. சரி." அவள் கொஞ்ச நேரம் முந்தானையின் ஈரத்தைப் பிழிந்தாள். "வழுக்கலீங்க. எனக்குத் தெரியும். வழுக்கினா வெரலு ஒண்ணொண்ணாப் போவும். நீங்க தொறந்தீங்க."

"ஆமா" என்றான் கலியமூர்த்தி. சொன்னதும் அவனும் தரையில் உட்கார்ந்தான். "தொறந்துட்டேன். ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போனா மூணு பேரும் போயிடுவோம்னு தோணுச்சு. யோசிக்கக்கூட இல்ல தில்லை. கை தானாத் தொறந்துச்சு. இல்ல, தானா இல்ல. நான்தான்."

"அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். புள்ள பொழச்சுது. நீங்க கேட்டிருந்தா நானே விடச் சொல்லியிருப்பேன்." அவள் குரல் அப்போதும் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் கூப்புட்டேனே. அது கேட்டுச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பதினாறு நாளாகப் பயந்துகொண்டிருந்தான். காற்று காதை அடைத்தது என்று சொல்லலாம். ஊரில் எவரும் நம்புவார்கள். அந்தக் காற்றில் பக்கத்திலிருந்தவன் கத்தியதே கேட்கவில்லை என்று பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அவள் முதலில் "ஏங்க" என்று கூப்பிட்டாள். பிறகு "பூங்கோத அப்பா" என்று கூப்பிட்டாள். அதன் பிறகு, கல்யாணமான ஒன்பது வருஷத்தில் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும்கூடப் பக்கத்திலிருப்பவர்களைச் சொல்லச் சொல்லித் தான் வாய்விட்டுச் சொல்லாத அவன் பெயரை, முழுப் பெயரையும், மூன்று தடவை கூப்பிட்டாள்.

"கேட்டுச்சு" என்றான்.

பந்தல் கழிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"மூணு தடவையும் கேட்டுச்சு. ஏணியில கால் வச்சுட்டேன் அப்ப. புள்ள திரும்பிப் பார்த்து, அம்மா கூப்புடுதுப்பா, அம்மா கூப்புடுதுப்பான்னு சொல்லுச்சு." அவன் இடக்கையைத் தன் முன்னால் விரித்துப் பார்த்தான். "இந்தக் கையால அதோட காதப் பொத்திட்டேன்."

தில்லை அழுதாள். செத்ததைச் சொன்னபோதும், தாழம்புதரைக் கேட்டபோதும், தன் கருமாதிச் சோற்றைத் தின்றபோதும் அழாதவள், வாயைத் திறந்து, சத்தமே வராமல், முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதாள். அவன் பக்கத்தில் போனான். தொடலாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தான்.

"கை விட்டதுக்கு இல்லீங்க" என்றாள் வெகுநேரம் கழித்து. "ஒரு கொரலு குடுத்திருக்கலாம். ஓன்னு ஒரு கொரலு. வந்து தூக்க வேணாம். இங்கதான் இருக்கேன்னு ஒரு கொரலு கேட்டிருந்தா, நான் தனியாப் போறேன்னு நெனச்சிருக்க மாட்டேன். நான் தனியாப் போனேங்க."

"தில்லை, அது நடக்கலயே" என்றான் அவன். பதினாறு நாளில் ஊரில் யாரும் சொல்லத் துணியாத வார்த்தை அது. "புயலே வரல. அன்னிக்கு நீ நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த. நான் பக்கத்துலயே உக்காந்து கிழிஞ்ச வலையப் பொத்துனேன். நடக்கவே இல்ல."

"ஆமா. நடக்கல" என்றாள். "அதான் உங்க மேல கோவப்படக்கூட முடியல எனக்கு."

மார்கழி முழுக்க அவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். ஊர் பழையபடி கடலுக்குப் போனது. தலைவர் சொன்னபடி யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் செத்தவர்கள் முப்பத்தொரு பேரும் தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் ஒரு கணம் நின்று போனார்கள், ஒரே ஊரிலிருந்து பெண்ணெடுத்தவர்கள் நிற்பதைப் போல. தில்லை வேளைக்குச் சமைத்தாள், கருவாடு காயப்போட்டாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அவனைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். சோறு ஆகிவிட்டால் தட்டை வைத்துவிட்டு நின்றாள். கரையில் ஆள் வந்து நின்றால் பூங்கோதையை அனுப்பிச் சொன்னாள். அவன் கொல்லையிலிருந்தும் படகடியிலிருந்தும் காரணமில்லாமல் "கூப்புட்டியா?" என்று கேட்டுக்கொண்டு வருவான். "இல்லீங்களே" என்பாள்.

பொங்கலுக்குச் சேத்தியாத்தோப்பில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி மகளை அழைத்துக்கொண்டு போனாள். பொங்கல் முடிந்தது. தை முடிந்தது. திரும்பவில்லை. அண்ணன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அடித்தாரா, குடித்தாரா, வேறெதுவுமா என்று கேட்டுப் பார்த்தார். "தங்கமான மனுஷன்" என்றாள். கடலே பார்க்காத அந்த ஊரில் அவள் வேறென்ன சொல்ல முடியும்? அலவன்குப்பத்தில் யாரும் கேட்கவே இல்லை. மாசிலாமணி மட்டும் டீயை நீட்டும்போது கலியமூர்த்தியின் கையை ஒரு கணம் சேர்த்துப் பிடித்துவிட்டு விட்டான்.

மாசி பிறந்ததும் கலியமூர்த்தி சேத்தியாத்தோப்புக்குப் புறப்பட்டுப் போனான். வாசலில் பூங்கோதை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் காதைப் பொத்தும் வழக்கம் போய்விட்டிருந்தது. தில்லை இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். மீன் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். இளைத்துவிட்டீர்கள் என்றாள். அவன் வா என்று சொல்லவில்லை, அவள் வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு அம்மாவும் மகளும் கூடவே நடந்து வந்தார்கள். ரோட்டில் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் நிறுத்தத்தில் புளியமரத்து நிழலில் நின்றபோது அவன் சொன்னான்:

"ஒரே ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்புடு தில்லை. இந்தத் தடவ பதில் சொல்றேன்."

அவள் அவனைப் பார்த்தாள். விளையாட்டாகவோ மனசை ஆற்றவோ அவன் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் உண்மையாகவே முயன்றாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சை இழுத்து, உதட்டைப் பிரித்தாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த அம்மாள், என்ன உடம்புக்கு என்று பதறிப் பார்த்தாள். அவன் பதிலைத் தயாராக வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வர மாட்டேங்குதுங்க" என்றாள் தில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "சொல்லிப் பாக்குறேன். வர மாட்டேங்குது."

"சரி, சரி. விடு" என்றான் அவன்.

பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பூங்கோதை இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். கரும்பு வண்டிகளைத் தாண்டி, சாலை திரும்பும் இடம்வரை பஸ் போகும்போதும், தில்லை வாயைக் கையால் பொத்திக்கொண்டு புளியமரத்தடியிலேயே நின்றாள்.